சோணைக்கு என்ன நிறம்?

உப்புத்தாளை மரத்தில் வைத்துத் தேய்க்கும்போது எழும் சரசரப்பைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். கூடவே தின்னர் வாடையும் வாகை மரத்தூளின் நெடியும் மூக்கில் ஏறிக்கொள்ளும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் மார்கழி பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம்தான். தேய்பட்டது ஒரு மரக்காளை. உயரத்தில் என்னைவிட ஒரு சாண் கூடுதல்.

அது சும்மா ஒரு காளை இல்லை, எங்கள் சோணை. வாடிவாசலில் விட்டால் ஓடிப்போகாமல் திரும்பி வந்து சிலுப்புகிற, 'நின்னு வெளையாடுற' மாடு என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கியவன். அவன் கிழடாகிச் செத்த அடுத்த மாதமே, அவன் தொழுவத்துக்கு நிழல் தந்த வாகை மரமும் காற்றில் சாய்ந்துவிட, அப்பா என்ன நினைத்தாரோ, ஆசாரியைக் கூட்டிவந்து அந்த மரத்திலேயே சோணையைச் செய்யச் சொல்லிவிட்டார். எட்டு மாதம் நடந்தது வேலை. திமில், கொம்பு, கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியின் மடிப்பு, எல்லாம் அப்படியே அவன்தான். எனக்கு ஆசாரியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வர்ணத்துக்குக் கோரிப்பாளையத்திலிருந்து ஒரு பாய் வந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். மொபெட்டின் முன்னால் டப்பாக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கடகடவென்று வருவார். வந்தவர் காளையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆசாரி வேலைய மூடிராதீங்க. வார்னிஷ் போதும். மரத்தோட ரேகை அம்புட்டு அழகா ஓடுது" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "கட்டிலாய்யா செஞ்சு வச்சிருக்கேன், வார்னிஷ் அடிக்க? உயிரு வரணும் பாய், உயிரு!"

சரி என்று பாய் முதல் பூச்சாக பிரைமர் அடித்தார். மரத்துக்கு அடிக்கிற பிரைமர் ரோஸ் நிறத்தில் இருக்கும் என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. ஊரை நடுங்க வைத்த சோணை, பல்லி மிட்டாய் நிறத்தில் வாசலில் நின்றான். அந்த மானக்கேடு ஒரு நாளோடு போயிருக்கும். மேல் பூச்சுக்கு என்ன நிறம் என்று எங்கள் வீட்டில் முடிவாகாததால் இரண்டு வாரம் நீடித்தது. பள்ளிக்கூடத்தில் என்னை 'ரோஸ் மாட்டுக்காரி' என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்து மாடுகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செவலையாய், அதாவது சிவப்பாய்ப் பிறக்கிற கன்று சில மாதத்தில் சாம்பல் பூத்து மயிலையாகும். காளையாகி முறுக்கேறும்போது திமிலும் கழுத்தும் கருக்கும். கிழடு தட்டினால் அதுவும் வெளுக்கும். சோணையை வாடிக்கு ஓட்டிப்போன சித்தப்பா, "திமிலு கன்னங்கரேல்னு இருக்கணும், அப்பத்தான் சோணை" என்றார். அப்பா, "மயிலை போதும், கருப்பு லேசாத் தெரிஞ்சாப் போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவன் வெளுத்துப்போன கிழவன்தான் என்றாலும் நான் அப்பா கட்சி. பாய் நீட்டிய ஷேட் கார்டில் உலகத்து நிறங்களெல்லாம் இருந்தன, மயிலை மட்டும் இல்லை.

மூன்றாம் முறை வந்தும் பதில் கிடைக்காத பாய், டீ கொண்டுவந்த அம்மாவிடம், "தங்கச்சி, நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க கண்ணுக்கு அவன் எப்படித் தெரியிறான்?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "செவலை" என்றாள்.

சித்தப்பா வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு எதிலும் நியாயம் பேசியாக வேண்டும். அது பிறவிக் குணம். "பொய் சொல்லாதம்மா! சோணை எப்ப செவலையா இருந்துச்சு? பாய், அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று கத்தினேன்.

அம்மா டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள். "ஆமா, எனக்கு என்ன தெரியும்? வாடிவாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னுகூடத் தெரியாது. அவன் ஆத்தா செத்த அன்னைக்கு ஈரம் காயாமக் கெடந்தானே, அன்னைக்கு அவன் செவலை. ஆறு மாசம் பாட்டில்ல பாலு குடுத்து என் சீலைக்குள்ள படுக்கப் போட்டேனே, அப்பவும் செவலைதான். கலரு மாறுச்சு, கயிறு போட்டீங்க, உங்க மாடா ஆயிட்டான். என்னத்தையோ அடிச்சுக்கங்க."

அவ்வளவுதான் பேசினாள். பருத்திவிதை ஆட்டி வைத்ததும் தவிடு கலந்ததும் அவள். வாடியில் ஒலிபெருக்கியில் கேட்டதெல்லாம் அப்பா பெயர். ஒவ்வொரு பொங்கலுக்கும் சோணை வாடியிலிருந்து முழுசாகத் திரும்பி வருகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவன் ஜெயித்ததை அவள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நான் சொன்னது சரி என்பது மட்டும்தான் உறைத்தது.

மறுநாள் பாய் வந்ததும் அப்பா, "செவலையே அடிச்சிருங்க பாய்" என்றார்.

"என்னண்ணே, ஊரே சிரிக்கும்!" என்று குதித்தார் சித்தப்பா. "சிரிச்சிட்டுப் போறாய்ங்க" என்றார் அப்பா. அம்மா பதறி ஓடிவந்து, "அய்யய்யோ, வேணாங்க. நான் ஏதோ சொன்னேன், நீங்க சொன்ன கலரே அடிக்கச் சொல்லுங்க" என்றாள். "நீ உள்ள போய் அடுப்பப் பாரு" என்றார் அப்பா. ஆனால் அவள் போகவில்லை. வேண்டாம் என்றவள்தான், "இம்புட்டுச் செவப்பு இல்ல… இது செங்கல்லு… மழை பேஞ்ச செம்மண்ணு மாதிரி இருப்பான்" என்று நாலு தடவை கலவையைத் திருப்பி அனுப்பினாள். பாய் முகம் சுளிக்காமல் நாலு தடவையும் கலக்கினார். ஐந்தாவதில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் பிரஷ்ஷை எடுத்தார்.

பொங்கலன்று வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். "என்னண்ணே, சோணைக்கு மருதாணி வச்சு விட்டுருக்கீக?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தவர்கள் ஒருவர் இருவரா? எதிரில் ஒருவன் மீசையைத் தொட்டால்கூடச் சண்டைக்குப் போகிற அப்பா, "வீட்டுக்குள்ள இருக்கையில அவன் இந்தக் கலருதாண்டா" என்று அன்று முழுக்க ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் நிறம் அடித்துவிட்டார் என்று நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது நாங்கள் டவுனுக்கு வந்து வில்லாபுரத்தில் இருக்கிறோம். காளை கார் ஷெட்டில் நிற்கிறது. பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கொம்பில் மாட்டுகிறார்கள். தொழுவம் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். சித்தப்பா போய்விட்டார். பாய் இருக்கிறாரா, தெரியவில்லை. அம்மா போய் நாலு வருடமாகிறது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் தம்பி, காளையின் நிறம் உரிந்திருப்பதைப் பார்த்து, "இதையும் அடிச்சிரலாம் சார். ஒரிஜினல் மாடு என்ன கலரு?" என்று கேட்டான்.

"செவலை" என்றார் அப்பா. காது மந்தம் அவருக்கு. எல்லாவற்றையும் உரக்கத்தான் சொல்வார். "வாடியில செவலையா நின்னு வெளையாடுவான். இவங்கம்மா முன்னாடி உக்காந்து பாப்பா. அவ சத்தம் குடுத்தாத்தான் அவன் திரும்புவான்."

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நினைவிலிருந்துதான் சொல்கிறார். மயிலைச் சோணையைக் கண்ணால் கண்டவர்களில் அதை இன்னும் நினைவு வைத்திருப்பவள் எங்கள் வீட்டில் இனி நான் ஒருத்திதான். அப்பா என் பக்கம் திரும்பி, "என்னம்மா, நான் சொல்றது சரிதானே?" என்றார்.

"சரிதாம்ப்பா" என்றேன். "அம்மா முன் வரிசையிலதான் உக்காந்திருப்பா."