எண் போட்ட சிவப்புச் சட்டைகள்

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆரம்பித்தது இது.

செங்கல்பட்டைத் தாண்டி இருக்கும் அம்மன் கோயிலுக்கு நான் மாலை போட்டிருந்தேன். என் மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதும், ரத்தம் சுத்தம் செய்து முடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருப்பதும், திரும்பக் கூட்டிவந்து உப்பில்லாத சோறு ஆக்கிப் போடுவதும்தான் என் வேலை. அவள் உயிரோடு கிடந்தால் வருஷா வருஷம் இருமுடி சுமந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மாலை போட்டவர்களுக்கு ஆணென்றாலும் பெண்ணென்றாலும் சிவப்பு உடைதான். நானும் சிவப்புப் புடவை, சிவப்பு ரவிக்கை.

எங்கள் ஊர் நூம்பலில் வழிபாட்டு மன்றத் தலைவியம்மாவும் பெண்களும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்திருந்தார்கள். அது பூந்தமல்லியில் இருந்து கிளம்பும் என்றார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அதை மகளிடம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முந்தின ராத்திரி அவளுக்கு மூச்சு வாங்கியதால் நான் படுக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே கண் சொருகியது.

பஸ் ஸ்டாண்டு போனதும் கழிப்பிடத்துக்குப் போனேன். வரிசையில் நின்று போய்வர நேரமாகிவிட்டது. வெளியே வந்தால் எங்கள் ஆட்களைக் காணோம். கொஞ்சம் தள்ளி ரோட்டோரமாகப் பார்க்கிறேன், ஒரு வேனில் சிவப்புச் சிவப்பாக ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் மேளம் வேறு. எல்லார் சட்டை முதுகிலும் எண் போட்டிருந்தது. கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகாமல் இருக்க எண் போட்டிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிடைக்காமல் வேன் பிடித்துவிட்டார்கள் போல, ஆம்பிளைகளும் சேர்ந்துகொண்டார்கள் போல என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மேளக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும், "வாம்மா, வாம்மா. உனுக்காகத்தான் நின்னுகினு கீறோம். ஜன்னல் சீட்டு புடிச்சி வெச்சிகீறேன் பாரு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எனக்காக ஒருத்தர் ஜன்னல் சீட்டுப் பிடித்து வைத்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அதையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்குப் புது ஆட்களிடம் வாய் வராது. இருமுடியை மடியில் வைத்துக்கொண்டேன். வேன் நகர்ந்ததுதான் தெரியும், தூங்கிப்போனேன்.

வழியில் எங்கேயோ வெகு நேரம் வேனை நிறுத்திப் பிரியாணி வாங்கியிருக்கிறார்கள், அந்த வாசனையில் கண் விழித்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். சென்னீர்குப்பத்தில் ஏதோ ஃபிளாட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற பெண்ணாம். கோழி பிரியாணி. மாலை போட்டவள் முகத்துக்கு நேரே கோழியா என்று ஒடுங்கிப்போனேன். சுற்றிப் பார்த்தால் ஒருத்தர் மடியிலும் இருமுடி இல்லை. ஜன்னலுக்கு வெளியே மதுரவாயல் பாலம் தெரிந்தது. கோயிலுக்குப் போகிற வழி அது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் மேளக்காரருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"யம்மா, நம்ம கோல்கீப்பரு போன் பண்றான். அவங்கம்மாவுக்கு முட்டி வலியாம், ஊட்லயே கீதாம், வர்லியாம். அப்ப நீ யாரும்மா?"

வேனே என்னைப் பார்த்தது. நான் இருமுடியைத் தூக்கிக் காட்டினேன். "கோயிலுக்கு..." என்பதற்கு மேல் வரவில்லை.

"அய்ய, நான் புள்ளைக்கு சோறு கட்டிகினு வந்துகீதுன்னு நெனச்சேன்" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். சிரித்தவரை அவர் ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் எல்லாம் பூந்தமல்லியில் உள்ள ஒரு பழைய ஃபுட்பால் கிளப்பின் ரசிகர்கள். அந்தக் கிளப்புக்கு ஆதியில் இருந்தே சிவப்புச் சட்டைதான். இப்போது பணம் போடுகிற கம்பெனி, வருகிற வருஷம் முதல் தங்கள் கம்பெனி நிறமான நீலத்தில்தான் ஆடவேண்டும் என்று சொல்லிவிட்டதாம். சிவப்பில் ஆடுகிற கடைசி ஆட்டம் அன்றைக்கு. அதனால்தான் கைக்கு அகப்பட்ட எல்லாரையும் சிவப்புச் சட்டை போடவைத்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் தலைவியம்மாவின் நம்பர் மகளிடம் இருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னேன். அந்தப் பெண் மகளின் நம்பரைக் கேட்டாள். அது ஒன்று எனக்கு மனப்பாடம். "நான் தொலைஞ்சுட்டேன்னு சொல்லாதம்மா, அவ உடம்பு தாங்காது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பேசினாள்: "அக்கா, நான் அம்மாகூட வண்டியில வர்ற பொண்ணு பேசுறேன். தலைவியம்மா நம்பர் வேணும்க்கா. அம்மா நல்லா இருக்காங்க, இப்பதான் தூங்கி எந்திரிச்சாங்க." ஒரு பொய்யும் இல்லை அதில்.

எங்கள் தலைவியம்மாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. பூந்தமல்லி முழுக்க என்னைத் தேடினார்களாம். உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்களாம். இப்போது வண்டலூரை நெருங்கிவிட்டார்கள். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வாசலில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்போம், அதற்கு மேல் டிரைவர் நிற்கமாட்டார், வந்தால் வரட்டும் என்றார்.

"கோயம்பேட்டுல ஒரு ஆட்டோ புடிச்சி ஏத்தி உட்ரலாம்ணா" என்றான் ஒருவன்.

"நானும் ஆட்டோதான்டா ஓட்டறேன். இந்தம்மா எங்க போவணும்னு சொல்லவே மதுரவாயல் வந்துடுச்சி. ஏத்தி உட்டா எங்க போயி நிக்கும்?" என்றார் மேளக்காரர்.

"நான் கூட்டிட்டுப் போறேண்ணா" என்றாள் அந்தப் பெண்.

"நீ ஊருக்குப் புதுசும்மா. நீயும் சேர்ந்து தொலைஞ்சின்னா உன்னைத் தேட ஒரு வேனு வெக்கணும்."

நானே போய்க்கொள்கிறேன் என்றேன். அது என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் கழுத்தில் இருந்து மேளத்தைக் கழற்றி அந்தப் பெண்ணின் மடியில் வைத்தார். "தாளம் தப்புனா பரவால்ல. நிறுத்திடாத, அவ்ளோதான்" என்றார். "அண்ணாத்தே, இன்னிக்கி கடைசி மேட்சு" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "எனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே கோயம்பேட்டில் இறங்கி, என் இருமுடியை வாங்குவதற்குக் கையை நீட்டினார். பிறகு அதை மற்றவர் தொடலாமோ கூடாதோ என்று கையை இழுத்துக்கொண்டார். தான் இல்லாமல் அந்த வேன் கிளம்பிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

கிளாம்பாக்கம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அம்மாவும் புள்ளையும் கோயிலுக்கா?" என்று கேட்டார். மேளக்காரர் "ஆமா சார்" என்று சொல்லி டிக்கெட் வாங்கினார். போனை வைத்துக்கொண்டு அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்கப் பார்க்க என் மனசு கூனிப்போனது. ஏதாவது பேசவேண்டுமே என்று, என் வழக்கத்துக்கு மாறாக, "சட்டைதானே தம்பி, நீலமா இருந்தா என்ன, ஆட்டம் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். "நீ நாளைக்கி நீலப் பொடவை கட்டிகினு அம்மனைப் பாக்கப் போவியாம்மா?"

"அது சாமி விஷயம்."

"சாமிதான். உன்து சாமி. என்துக்குப் பேரு இன்னான்னு தெரில." சட்டையின் நுனியை இழுத்து நீவிவிட்டார். "எங்கப்பா தோள்ல குந்திகினு போயி பாத்த ஆட்டம்மா. அப்ப ஆடுனவன் பாதிப் பேரு போயிட்டான். கிரவுண்டுல பாதி பிளாட்டு போட்டுட்டான். தூரத்துலேந்து பாத்தா, தோ நம்மாளுங்கன்னு தெரியறதுக்கு இந்தக் கலரு ஒண்ணுதாம்மா மிச்சம் கீது."

பூந்தமல்லி ரோட்டோரம் எனக்கும் தூரத்தில் தெரிந்தது சிவப்பு மட்டும்தான். நம் ஆட்கள் என்று நம்பித்தானே போய் ஏறினேன். அதை அவரிடம் சொல்லத் தோன்றியது, சொல்ல வரவில்லை.

மதுரவாயல் பைபாஸ் பக்கம் ஒரே வண்டி நெரிசல். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இந்த வருஷம் இருமுடியை வீட்டுக்கே திருப்பிக்கொண்டு போகவேண்டியதுதான், மகளிடம் என்ன சொல்லுவேன் என்று நினைத்தேன். தலைவியம்மாவுக்கு அவரே இரண்டு மூன்று தடவை போன் போட்டுக் கெஞ்சினார். "யக்கா, தாம்பரம் தாண்டிட்டோம், ஒரு டீ குடிக்கச் சொல்லு டிரைவரை, நான் வந்து காசு தர்றேன்" என்றார். அப்போது நாங்கள் தாம்பரத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தோம்.

கிளாம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனைப் பார்த்தவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எடுக்கவில்லை.

"என்னாச்சு தம்பி?"

"தோத்துட்டோம்மா."

"நீ போயிருந்தா..."

"நான் போயிருந்தா இன்னும் ரெண்டு கோலு வாங்கியிருப்போம். என் மேளத்துக்கு எதிராளி பயப்பட மாட்டான், நம்ம பசங்களுக்குத்தான் காலு பின்னும்." சிரிக்கத்தான் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். தலைவியம்மா என்னைத் திட்ட வாயெடுத்தவர், பக்கத்தில் சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் அவரும் மாலை போட்டவர் என்று நினைத்து, "வா சக்தி, நீயும் ஏறு, எடம் இருக்கு" என்றார். எங்கள் வழியில் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் வேற கோயிலு யக்கா" என்றார். நான் படியில் ஏறித் திரும்புவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரும் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டத்தில் ஒரு சிவப்பு.

அன்று ராத்திரி அம்மன் முன்னால் நின்றபோது, வேண்டுதல் எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. அவ்வளவு அசதி. இருமுடியைச் செலுத்திவிட்டு, வந்து சேர்ந்துவிட்டேன் தாயே என்று மட்டும் சொன்னேன்.

மகள் அப்படியேதான் இருக்கிறாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நானும் அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கிளப் இப்போது என்ன நிறத்தில் ஆடுகிறது என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் ஆளில்லை. ஆனால் சில நாள், இனி என்னால் முடியாது, எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும்போது, வாய் திறந்து கேட்கக்கூடத் தெரியாத ஒரு கிழவிக்காகத் தன் ஆயுசின் பெரிய ஆட்டத்தை விட்டுவிட்டு வேனில் இருந்து இறங்கியவர் ஒருவர் இருந்தாரே என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க முடிகிறது.