துலுக்கானம் வாத்தியாரின் கூழ்ப்பாடம்

ஆவடி பட்டாள டிப்போவில் பெட்டி தூக்கும் ஆட்களில் ஒருவர் மட்டும், தோளில் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் இங்கிலீஷை ஒரு தடவை படித்துப் பார்ப்பார். மேஸ்திரிக்கே இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "ஏ துலுக்கானம், இது இன்னா பெட்டி, பாத்துச் சொல்லு" என்று அவரைத்தான் கூப்பிடுவான். எட்டு வருஷத்துக்கு முன்பு நெமிலிச்சேரிச் சேரியில் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் அவர். பெட்டி தூக்கும்படி அவரை ஆக்கியவர் பெயர் மணவாளன். அந்தப் பெயரை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்னும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவோம். ஓர் ஆனி மாசம் வாத்தியார் புத்தகத்தை மூடினார். "ரொட்டி கெடக்கட்டும். ஆடி வருது. உங்க ஊட்ல கூழ் எப்படிக் காச்சுவாங்க, சொல்லுங்க" என்றார். நான் முந்தி நீ முந்தி என்று கத்தினோம். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பது, நொய் வெந்ததும் மாவை ஊற்றித் துழாவுவது, வேப்பிலை, பம்பை, கரகம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்ல வைத்தார். கூழுக்கும் கரகத்துக்கும் இங்கிலீஷில் என்ன என்று கேட்டோம். "அதுக்கு இல்ல. துரைங்க வேணும்னா நம்மகிட்ட கத்துக்கட்டும்" என்றார்.

ஆளுக்கு ஒரு வரி கொடுத்தார். என் வரி, "மை மதர் பொன்னியம்மா கேரீஸ் தி கரகம்." எங்கள் ஊரில் வருஷா வருஷம் அம்மனுக்குக் கரகம் தூக்குவது என் அம்மாதான். மற்ற நாளெல்லாம் பண்ணை வீட்டுக் கழனியில் குனிந்து கிடப்பாள். அவள் பெயரை இங்கிலீஷில் சொல்லும்போது எனக்கு மேலெல்லாம் சிலிர்க்கும்.

மணவாளன் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டு பேரும் ஒன்றாக டிரெயினிங் படித்தவர்கள். ஊர்க்காரர்கள் சேரிக்குள் கால் வைக்காத காலத்தில் அவர் வாரம் தவறாமல் வருவார். "ஐயான்னு கூப்டாதே துலுக்கானம், அண்ணேன்னு கூப்டு" என்பார். ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்துப் பானையில் தானே மொண்டு தண்ணீர் குடித்தார். ஊருக்குள் நாங்கள் தொட்ட பானையைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். அதனால் சேரியே கூடி நின்று பார்த்தது. "மனுசன்னா இவுருதாண்டி" என்று என் அம்மா அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். கூழ்ப்பாடத்தைக் கேட்டு அவர் தொடையைத் தட்டி ரசித்தார். நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டும் போனார். நாங்கள் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினோம். மடச்சிகள்!

அந்த ஆடியில் வேப்பம்பட்டுப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் பரீட்சை வைத்தார். சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் இங்கிலீஷ் வகுப்பு நிலைக்கும். எங்களுக்குக் கிடைத்தால் மேலே படிக்கலாம். கிடைக்காவிட்டால் கூரைப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், வாத்தியாருக்கும் வேலை போகும். மணவாளனோ, "எங்க பசங்களுக்கு இங்கிலீஷ் எங்க வரப் போவுது? உங்களுக்குத்தான் கெடைக்கும், பாரு" என்று சொல்லிவிட்டார்.

பரீட்சை தேதி எங்கள் காப்பு நாட்களுக்குள் வந்தது. கையில் மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டால், கூழ் ஊற்றி முடிக்கிறவரை எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மனுக்கு ஆகாது. பிள்ளைகளுக்காகக் காப்பை ஒரு வாரம் தள்ளிக் கட்டலாம் என்று பெரியவர்களே ஒத்துக்கொண்டார்கள். மணவாளன்தான் தடுத்தார். "சாமி காரியத்தை ஏன் தள்றீங்க? நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசுறேன்" என்று போனவர், இரண்டு நாள் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்தார். "பரீட்சையைத் தள்ளிட்டாங்க. கூழ் ஊத்தி முடிச்சுட்டு வாங்க" என்றார். நாங்கள் நிம்மதியாகக் காப்புக் கட்டிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் வேப்பம்பட்டிலிருந்து வெற்றிலை விற்க வந்த ஜம்புலிங்கம் எங்களைப் பார்த்துத் திகைத்தார். "இன்னா வாத்யாரே, இங்க கீறே? அங்க பரீட்சை நடந்துகினு கீதே!"

வாத்தியாரின் முகம் செத்துப்போயிற்று. எங்கள் கைக் காப்பைப் பார்த்தார். பெரியவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் என் அம்மா முன்னால் வந்தாள். "புள்ளைங்கள இட்டுகினு போ வாத்யாரே. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கரகம் தூக்குறவ நான்தானே?" என்றாள். பெரியவர்கள் விலகி வழி விட்டார்கள்.

காப்புக் கையோடு ரயில் பாதை ஓரமாக ஓடினோம். பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணவாளனிடம் படிக்கும் பண்ணையார் மகன் கங்காதரன் இன்ஸ்பெக்டர் எதிரில் கைகட்டி நின்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"மை மதர் பொன்னியம்மா கேரீஸ் தி கரகம்."

அவன் அம்மா நாகம்மாள் வாழ்நாளில் கரகம் தூக்கியவள் இல்லை. என் அம்மா அந்த வீட்டில் மாட்டுக்கொட்டகையைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. வரிக்கு வரி எங்கள் பாடம். திருடின அவசரத்தில் மணவாளனுக்குப் பெயரை மாற்றக்கூடத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் தட்டி, "பேஷ்! சொந்த ஊர்த் திருவிழாவை இப்படியல்லவா இங்கிலீஷில் சொல்லணும்!" என்றார்.

வாத்தியார் கெஞ்சிக் கேட்டு எங்களையும் நிற்க வைத்தார். நான் என் வரியைச் சொன்னதுமே இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அடுத்த பள்ளிக்கூடத்துப் பாடத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தால் எப்படி?" என்றார்.

"ஐயா, இது நான் எழுதின பாடம்" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் மணவாளனைப் பார்த்தார். மணவாளன் ரொம்ப மெதுவாக, ரொம்ப இரக்கமாகச் சொன்னார்: "பாவம் சார் இந்தத் துலுக்கானம், நல்ல பையன்தான். என் வகுப்புக்கு வந்து பாத்து எழுதிக்கினு போவான்."

பொன்னியம்மா என் அம்மா என்று நான் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். பண்ணையார் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் வீட்டுக் கூலி அவர் கையில். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இன்னும் தீரவில்லை.

அம்மா எல்லைக் கல்லருகே காத்திருந்தாள். "என் பேரச் சொன்னியா அங்கம்மா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "பண்ண ஊட்டுப் புள்ளைக்கு நான் ஆத்தாவா? அப்போ நாளைக்கு அவங்க நடு ஊட்ல போய் குந்தலாமா, கேட்டுச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். எல்லை தாண்ட விட்டவள் என்று அந்த வருஷம் கரகத்தை வேறு ஒருத்தி தலையில் ஏற்றினார்கள்.

இங்கிலீஷ் வகுப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தை மாசக் கடைசியில் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

கடைசி நாளன்று மணவாளன் வந்தார். வர வெட்கமாக இல்லையே அந்த மனுஷனுக்கு! "மனசுல வச்சுக்காதே துலுக்கானம். பண்ணையார் பேச்சை என்னால தட்ட முடியல. எனக்கும் குடும்பம் கீது" என்றார். வெயிலில் நடந்து வந்த களைப்பில், பழைய உரிமையோடு பானை மூடியைத் திறந்து குவளையை எடுத்தார்.

வாத்தியார் அவர் கையிலிருந்து குவளையை வாங்கிக் கீழே வைத்தார். பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். எங்கள் எல்லார் எதிரிலும் ஓங்கிப் போட்டு உடைத்தார்.

"நீங்க தொட்ட பானை அண்ணே" என்றார்.