டிக்கெட் அக்கா வரிசையைக் கலைத்த நாள்

பதினாறு வருஷம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை அது. கம்பி வலைக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் நுழையும் கையை மட்டும் பார்த்தே, இவர் வரிசையில் நின்று வந்தவரா, இடையில் புகுந்தவரா என்று அவள் சொல்லிவிடுவாள். நின்று வந்த கை வியர்த்திருக்குமாம். புகுந்து வந்த கை படபடக்குமாம். ஒருமுறை தியேட்டர் முதலாளியின் மைத்துனரே இடையில் புகுந்து கையை நீட்டினார். முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் அந்தக் கையை அப்படியே திருப்பி அனுப்பினாள். அந்த மனிதர் முப்பத்திரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்று, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்தான் உள்ளே போனார். அதற்கப்புறம் அந்தத் தியேட்டர் சுவரில் எறும்புகூட வரிசை தப்பாமல் போயிற்று என்று பேச்சு. எறும்பு எப்போது வரிசை தப்பியது என்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது.

தியேட்டரை மூடி சோபா கிடங்காக மாற்றிவிட்டார்கள். நாற்பத்து நாலு வயதில் அவள் வேலை தேடிப் போய்ச் சேர்ந்த இடம், பிராணிகளுக்கான அவசர ஆஸ்பத்திரி. தடுப்பூசி போடுகிற, பூச்சி மருந்து கொடுக்கிற ஆஸ்பத்திரி இல்லை. மற்ற டாக்டர்கள் கையை விரித்து, "அங்க தூக்கிட்டு ஓடுங்க" என்று சொல்லி அனுப்புகிற ஆஸ்பத்திரி. முன்னால் நீளமான ஹால். நாய்களும் பூனைகளும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல் இருக்க நடுவில் ஒரு திரை. தரையோடு தரையாக எடைபோடும் பலகை. ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் சிகிச்சை அறை, அங்கே ஆக்ஸிஜன் நிரப்பிய கண்ணாடிக் கூண்டு. அதற்கும் உள்ளே ஆபரேஷன் அறை. முதல் நாள் வந்தவர்களிடம் பழக்கதோஷத்தில், "டிக்கெட் வாங்கிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் டிக்கெட் அக்கா. ஆஸ்பத்திரி நடத்தும் பெரிய டாக்டரம்மா வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவளுடைய பதினாறு வருஷப் படிப்பையும் அந்தப் பெரிய டாக்டர் ஒரே வாக்கியத்தில் தலைகீழாக்கினார். "இங்க வரிசையெல்லாம் கிடையாதும்மா. யாருக்கு உயிர் ஊசலாடுதோ அவங்கதான் முதல்ல." அக்காவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. வரிசை இல்லாத இடத்தில் எப்படி மனுஷர் இருப்பது? ஆனால் ரோஷக்காரி. யார் முதலில் என்று தெரிந்துகொள்ளும் வித்தையைக் கற்றுக்கொண்டே தீருவது என்று உட்கார்ந்தாள். பிராணியின் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விட வேண்டும். வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ண வேண்டும், தாமதமானால் ஆபத்து. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஆபத்து. நாய் வயிற்றால் மூச்சை இழுத்தால் ஆபத்து. இதையெல்லாம் வீட்டில் வைத்துப் பழகினாள். லிப்ட் மெக்கானிக்கான கணவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயைத் திறக்க அனுமதி கிடைத்தது அதற்கு மட்டும்தான் என்று மகள் கிண்டலடிப்பாள். அந்தத் தெருவிலேயே ஈறு நல்ல சிவப்பாக இருக்கிற குடும்பம் எது என்று கேட்டால் அவளால் அடித்துச் சொல்ல முடியும். அக்கம்பக்கத்து வாய்களையும் அவள் விட்டுவைக்கவில்லை.

கவுன்ட்டருக்கு அடியில் ஒரு சிவப்பு மணி இருந்தது. அதை அழுத்தினால் டாக்டர் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு நாய் ஹால் முழுக்கச் சிவப்பாக வாந்தி எடுத்தது. அக்கா மணியை அழுத்திய வேகத்தில் பட்டன் உள்ளேயே போய்விட்டது. பெரிய டாக்டர் பாதித் தையலில் ஓடிவந்து, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பீட்ரூட்" என்று ஒரு சொல் சொல்லித் திரும்பிப் போனார். ஆறு பேருக்கு வைத்திருந்த பொரியலை அந்த நாய் ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் அக்கா அந்த மணியைத் துடைத்ததோடு சரி. ஏதாவது சந்தேகம் என்றால் மெதுவாகப் போய் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பாள், இரண்டு முறை இருமுவாள். மணிப் பக்கம் கை போகாது.

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு, இரைப்பை முறுக்கிக்கொண்டு வயிறு பறை மாதிரி உப்பிய ஒரு பெரிய நாயைத் தூக்கி வந்தார்கள். பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் மயக்க மருந்து பார்க்கிற நர்சும் ஆபரேஷன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஹாலில், உயிருக்கு ஆபத்து இல்லை என்று டோக்கன் கொடுத்து உட்காரவைத்த எட்டுப் பேர். அவர்களில் ஒரு பில்டிங் கான்ட்ராக்டர், கன்றுக்குட்டி அளவு நாயோடு வந்திருந்தார். நாய்க்குக் கால் நகம் பாதி பிய்ந்திருந்தது. அது ஊளையிட்ட சத்தத்தில் மூன்றாவது தெருவில் போன வண்டியெல்லாம் ஒதுங்கி வழிவிட்டதாம், ஆம்புலன்ஸ் என்று நினைத்து.

ஒன்பதாவதாக வந்தார் ரிட்டயரான கணக்கு வாத்தியார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் மூடிபோட்ட கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் ஆண் பூனை. வேலை எதுவும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருப்பதால் வீட்டில் அதற்கு மேனேஜர் என்று பெயர். உண்மையில் அது அவர் மனைவியின் பூனை. அந்தம்மா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். போகும்போது மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "ஒரு மாசம், இந்த ஒண்ணையாவது ஒழுங்கா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வாத்தியார் மூன்று பக்கத்தையும் மனப்பாடம் செய்து ஒரு வரி பிசகாமல் நடந்துகொண்டிருந்தார். இரண்டு நாளாகப் பூனை முக்கிக்கொண்டே இருக்கிறது, எதுவும் வரவில்லை. மலச்சிக்கலுக்கு மட்டும் குறிப்பில் ஒன்றும் இல்லை. சொந்த யோசனையில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார். இதையெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி, ஒன்பதாம் டோக்கனை வாங்கிக்கொண்டு, தனக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தார்.

அக்கா சீட்டில் 'மலச்சிக்கல்' என்று எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தவள் கூடையைப் பார்த்தாள். பூனைக்குக் காற்று வரட்டும் என்று வாத்தியார் மூடியைத் திறந்துவைத்திருந்தார். அது விரித்திருந்த பேப்பரில் குந்தியது, முக்கியது, எழுந்தது. இரண்டடி தள்ளிக் குந்த இடமில்லாததால் அதே இடத்தில் திரும்பிக் குந்தியது. அப்புறம் வாலுக்கு அடியில் நக்க ஆரம்பித்தது. நக்கியது, நக்கியது, நிறுத்தவே இல்லை.

என்றைக்கோ டீ குடிக்கும்போது சின்ன டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆண் பூனைக்குச் சிறுநீர் வரும் பாதை பென்சில் முனையைவிட மெல்லிசு. மணல் மாதிரி ஏதாவது அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் எல்லாரும் மலச்சிக்கல் என்றே நினைப்பார்கள். இரண்டு நாள் போனால் விஷம் ரத்தத்தில் ஏறி நெஞ்சு நின்றுவிடும்.

அவள் எழுந்து போய்க் கூடைப் பக்கத்தில் குந்தினாள்.

"சார், இது ஒண்ணுக்குப் போச்சா?"

"ரெண்டுக்குத்தாம்மா போகலை."

"அதைக் கேக்கலை சார். ஒண்ணுக்கு."

வாத்தியார் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "முந்தாநேத்துலேர்ந்து அது போற மண்ணு தட்டு காஞ்சேதான் இருக்கும்மா. ரொம்ப சுத்தமா இருந்துச்சு. மாத்த வேண்டிய வேலை மிச்சம்னு நான்கூட சந்தோஷப்பட்டேன்" என்றார். கடைசிச் சொல்லைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. கணக்கு எங்கே தப்பியது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அக்கா கூடைக்குள் கையை விட்டாள். வயிற்றுக்குள் ஆரஞ்சுப் பழம் அளவில், கல்லாக இறுகிய மூத்திரப்பை. யாரோ அந்நியப் பெண் அடிவயிற்றைப் பிடிக்கிறாள், மேனேஜர் முறைக்கக்கூட இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. நெஞ்சில் விரலை வைத்தாள். பூனையின் நெஞ்சு தையல் மிஷின் ஓடுவதுபோல் ஓட வேண்டும். இது மூடாத குழாய் சொட்டுவதுபோல் சொட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள்.

"உள்ள தூக்கிட்டுப் போறேன் சார்."

"எனக்கு முன்னால எட்டுப் பேர் இருக்காங்கம்மா" என்றார் வாத்தியார். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் டோக்கனை விடவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களை வரிசையில நில்லுன்னு சொன்னவன் நான்."

"பதினாறு வருஷம் ஊரையே அப்படி நிக்க வெச்சவ சார் நான். இன்னைக்கு ரெண்டு பேரும் கெட்டுப் போவோம், வாங்க."

கான்ட்ராக்டர் எழுந்துவிட்டார். தன் நாய் ரத்தம் சொட்டக் கத்திக்கொண்டிருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கிற பூனையைத் தூக்கிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம் என்று நாயைவிட ஒரு படி உரக்கவே கேட்டார். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க நாய்க்குக் கத்துறதுக்குத் தெம்பு இருக்குங்க. இதுக்கு அதுகூட இல்லை."

இடது கையில் கூடை. வலது கை கவுன்ட்டருக்கு அடியில் போயிற்று. பீட்ரூட் நினைவு வராமல் இல்லை. வந்தது, ஹால் முழுக்கச் சிவப்பாகவே வந்தது. உள்ளே ஒரு நாய் வயிறு திறந்து கிடக்கிறது. அங்கிருந்து இரண்டு கைகளை வெளியே இழுத்தால், இழுக்கச் சொன்னவள்தான் அதற்குப் பொறுப்பு. மணியை அழுத்தினாள். விரலை எடுக்காமல் அழுத்தினாள். பிறகு கூடையோடு ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆபரேஷன் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய டாக்டர் நிமிராமலே என்ன என்று கேட்டார்.

"ஆண் பூனை மேடம். ரெண்டு நாளா ஒண்ணுக்குப் போகலை. மலச்சிக்கல்னு கொண்டாந்திருக்காங்க. வயிறு கல்லு மாதிரி இருக்கு. நெஞ்சு பத்து செகண்டுக்குப் பதினஞ்சுதான் அடிக்குது. அடிக்க வேண்டியதுல பாதிக்கு மேல காணோம்."

"நீ எண்ணினியா?"

"ரெண்டு தடவை."

பெரிய டாக்டரின் கைகள் நாயின் வயிற்றுக்குள் இருந்தன. முறுக்கு அவிழ்ந்துவிட்டது, தைத்து முடிக்கவில்லை. அவர் எதிரில் இருந்த சின்ன டாக்டரைப் பார்த்தார். "நீ போ. நர்ஸை வெச்சு நான் பாத்துக்கிறேன்."

சின்ன டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தார். பூனையின் உடம்பில் மூன்று வயரை மாட்டினார். திரையில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் ஊசியைக் கையில் எடுத்தார். "முன்னங்காலைப் பிடிங்க அக்கா, ஆடக் கூடாது" என்றார். நெஞ்சைக் காப்பாற்றுகிற மருந்து நரம்பில் மெதுவாக இறங்கியது. மெதுவாகத்தான் இறக்க வேண்டும், வேகமாக விட்டால் அதுவே கொன்றுவிடும். பூனை மயிர் பறந்து மூக்கில் ஒட்டினாலும் அசையாத சிலைபோல் அக்கா நின்றாள். வாத்தியார் ஆடும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கண்ணாடி வட்டத்தில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்.

கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. அதற்கப்புறம் சிறுநீர்ப் பாதைக்குள் குழாய். நூலைவிடக் கொஞ்சம் தடிமனான குழாய். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை பாதியில் நின்றது. சின்ன டாக்டர் உப்பு நீரை ஊசியில் எடுத்து, அடைப்பின் மேல் அழுத்தி அழுத்தி விட்டார். நெற்றியில் வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போக, அக்கா தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். மூன்றாவது தடவை ஒரு மணல் துகள் பிதுங்கி விழுந்தது. பின்னாலேயே பீங்கான் கிண்ணத்தில் சொட் சொட்டென்று, அப்புறம் விடாமல் சர்ரென்று சத்தம். சிவப்பாகத்தான் வந்தது. இந்தச் சிவப்பைப் பார்த்து யாரும் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் டோக்கனுக்குக் காத்திருந்தா…" என்று சொல்லிச் சின்ன டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

அக்கா நெஞ்சில் விரலை வைத்தாள். பதினஞ்சு இல்லை. தையல் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது, இன்னும் எண்ணெய் போடாத மிஷினாக, ஆனாலும் ஓடியது.

கவுன்ட்டரை அம்போவென்று விட்டுவிட்டோமே என்ற பதைப்போடு அவள் ஹாலுக்குத் திரும்பினாள். அங்கே, வாத்தியாரின் தோளுக்கு மேலாகக் கண்ணாடி வட்டத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த கான்ட்ராக்டர், கவுன்ட்டருக்கு முன்னால் நின்று, புதிதாக வந்த ஒருவரிடம் அவருடைய நாயின் மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் கொஞ்சம் கூச்சத்தோடு, "இப்ப வந்த அந்தம்மாவோட முயலு வாயைத் திறந்து மூச்சு விடுது அக்கா. அதை முதல்ல பாத்துருங்க. என்னோடது நகந்தானே" என்றார். நாயும் ஊளையை நிறுத்தியிருந்தது. முதலாளியே இறங்கி வந்தபிறகு அது மட்டும் கத்தி என்ன ஆகப் போகிறது.

இரைப்பை நாயைத் தைத்து முடித்துவிட்டுப் பெரிய டாக்டர் வெளியே வர மதியம் ஆயிற்று. அந்த நாயும் பிழைத்தது. அவர் நேராகக் கண்ணாடிக் கூண்டுக்குப் போய் மேனேஜரின் நெஞ்சைக் கேட்டார். சீட்டை எடுத்து 'மலச்சிக்கல்' என்பதை அடித்துவிட்டு, சின்ன டாக்டரிடம், அக்கா எண்ணியது சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை என்றார் அவர். பெரிய டாக்டர் பாராட்டிப் பேசிப் பழகியவர் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "இனிமே அக்கா மணி அடிச்சா என்னன்னு கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன். வந்துரணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வாத்தியார் அதற்குள் மனைவிக்கு போன் போட்டுவிட்டார். மறைத்திருக்கலாம், ஆனால் மறைக்கவில்லை. காய்ந்த மண்ணையும், அதைப் பார்த்துத் தான் சந்தோஷப்பட்டதையும்கூடச் சொன்னார். போன் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருந்தது. தள்ளியிருந்தும் ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. கடைசியில் அந்தம்மா டாக்டரிடம் கொடுக்கச் சொல்ல, டாக்டர்கள் இருவரும் உள்ளே இருந்ததால் அவர் அக்காவின் கையில் கொடுத்தார்.

"டாக்டருங்களா?"

"இல்லம்மா, கவுன்ட்டர்."

"அப்ப இவனுக்கு இதுதான்னு யாரு கண்டுபிடிச்சது?"

பதினாறு வருஷம் கம்பி வலைக்குப் பின்னால் முகமே தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் அக்கா. எதிரே முயல்காரம்மாவும், கான்ட்ராக்டரும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வாத்தியாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான்தாம்மா" என்றாள். "சாரைத் திட்டாதீங்க, கேட்டதுக்கு உண்மையைச் சொன்னார், அதனாலதான் பிழைச்சுது. ஞாயித்துக்கிழமை நேரா இங்கயே வந்துருங்க. வந்து என்னைக் கேளுங்க, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."