துக்க வீட்டில் சொன்ன வார்த்தை

டாக்டர்கள் மேல் வரும் புகார்களுக்கு பதில் எழுதி, விசாரணையில் அவர்களுக்காகப் பேசுவது என் பிழைப்பு. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, மாடியில் சின்ன ஆபீஸ். மருத்துவர்களின் பதிவைத் தன் கையில் வைத்திருக்கும் கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்ததும், அதை எடுத்துக்கொண்டு படியேறி வருவார்கள். எல்லா டாக்டரும் உத்தமர் என்று நான் சொல்லமாட்டேன். தப்பு செய்தவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். ஆனால் மாடம்பாக்கத்து டாக்டரம்மா மேல் வந்த புகாரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவிலுக்குப் போகிற தெருவில் ஒற்றை அறை கிளினிக் அவருடையது. ஒரு நாள் மாலை, ஊரின் பழைய குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஆம்புலன்ஸைக் கூப்பிட போனையும் எடுத்துவிட்டார். பெரியவர்தான் தடுத்தார்.

"காலீல பத்திர ஆபீஸ்ல டோக்கன் கீதும்மா. கையெழுத்தைப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிதான்."

கூட வந்திருந்த மகன் கீழ்க்கட்டளையில் குடியிருப்பவன், படித்து நல்ல வேலையில் இருப்பவன். அவனும், "பதிவு முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன் டாக்டர்" என்றான். டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அப்பாவும் மகனும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

செய்தி தெரிந்ததும் டாக்டரம்மா கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் துக்கத்துக்குப் போனார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் பார்த்தவர், போகாமல் எப்படி இருப்பார்? பெரியவரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் அடிச்சுச் சொல்லியிருக்கணும்மா, மன்னிச்சிடுங்க" என்று அழுதிருக்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் புகாரே. மருத்துவர் எங்கள் வீட்டுக்கே வந்து, உறவினர் முன்னிலையில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், ஆகவே அவருடைய பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுதியவன் யார்? நானே கூட்டிட்டுப் போறேன் என்று சொன்ன அதே மகன். படித்ததும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. பதிவு போனால் அந்த அம்மாள் கிளினிக் பலகையைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

யார் மேலோ இருந்த கோபத்தை எதிரில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"எதுக்கு டாக்டர் மன்னிப்புன்னெல்லாம் சொன்னீங்க?"

"சாவு வீட்ல வேற என்ன மேடம் சொல்றது?"

நம் பக்கத்தில் துக்கத்துக்குப் போகிற எல்லோரும் கொஞ்சம் பழியை நம் மேல் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறோம். போன வாரமே வந்து பார்த்திருக்கணும் என்பார் மைத்துனர். வாசலில் பார்த்தபோதே முகம் சரியில்லை, நான் கேட்டிருக்கணும் என்பாள் எதிர்வீட்டுக்காரி. கட்டியவளும் பெற்ற பிள்ளையும் மொத்தப் பாரத்தையும் தனியாகச் சுமக்கக் கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிற வழக்கம் அது. அதை ஒப்புதல் வாக்குமூலமாக்க ஒருவனுக்கு மனசு வந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விசாரணைக் குழுவிலும் டாக்டர்கள்தான். அவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"உங்க மேல தப்பு இல்லேன்னா அந்த வீட்டுக்கு ஏன் போனீங்க?"

கேட்டவர் தமிழர். இவர் எத்தனை சாவு வீடுகளுக்குப் போய்வந்திருப்பார்? எனக்கு வாய்வரை வந்துவிட்டது. டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சவர் இறந்துட்டார் சார். போனேன்."

மகன் தன் அம்மாவையும் சாட்சியாக அழைத்து வந்திருந்தான். அனுமதி வாங்கிக்கொண்டு அவரிடம் கேட்டேன், "அன்னைக்கு நீங்க என்னம்மா சொல்லி அழுதீங்க?"

"இன்னா சொல்லுவேன்? ராவுல ஒருவாட்டி எழுந்து பாத்துருக்கணும், பாக்காத வுட்டுட்டேனேன்னு அழுதேன்."

"கூட உக்காந்திருந்தவங்க?"

"அவங்கவங்களும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க." மகன் பக்கம் திரும்பினார். "இவனுந்தான். நான் அப்பவே இட்டுக்கினு போயிருக்கணும்னு தலைல அடிச்சிக்கினு அழுதான்."

மகன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

புகார் தள்ளுபடியானது. ஆனால் உத்தரவின் கடைசியில் ஓர் அறிவுரையும் ஒட்டிக்கொண்டிருந்தது: நோயாளி இறந்த பிறகு உறவினரிடம் இத்தகைய பேச்சை மருத்துவர் தவிர்ப்பது நலம். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குக் கைகொடுத்தார்கள். இதில் என்ன ஜெயம்? பழியில் பங்கு வாங்கிக்கொள்ள வந்தவளின் தலையில் முழுசையும் கட்டப் பார்த்தான் ஒருவன். அவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது, அறிவுரை மட்டும் அவளுக்கு.

சில மாதங்கள் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். சர்க்கரைக்காக நெடுநாளாக அவரிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இறந்துவிட்டாராம்.

"போகலாமா மேடம்?"

துக்கத்துக்குப் போவதற்கு வக்கீலிடம் அனுமதி கேட்கிறார். இந்த நிலைமைக்கு ஆளாக்கியவர்களை நினைத்து வயிறு எரிந்தது. ஆனாலும் என் தொழில் என் நாக்கை விடவில்லை.

"போங்க டாக்டர். ஆனா எதுவும் பேசிடாதீங்க."

அந்த வாத்தியாரின் மகள் சேலையூரில் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். எனக்கும் டாக்டரம்மாவுக்கும் பழக்கம் என்று அவளுக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காய்கறிக் கடையில் பார்த்தேன்.

"டாக்டர் வந்தாங்கக்கா. மாலை போட்டாங்க. என் முகத்தைக்கூட சரியா பாக்கல, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்க." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்பா அவங்ககிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டாராக்கா?"