உரசிய டயர்

கார் பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தியிருந்தேன். வீட்டார் ஏறினால் மலை வளைவுகளில் பின்டயர் மட்கார்டில் உரசியது.

"நாங்க பழனிக்குப் பஸ்ஸுலயே போயிக்கிறோம்மா," என்றார் அப்பா. அது எனக்குச் சுருக்கென்றது.

நாயுடுபுரத்து மெக்கானிக் ஜாக்கியில் தூக்கிப் பார்த்து, "எங்கயும் உரசலைங்க," என்றார்.

"தூக்குனா சக்கரம் தொங்கத்தான செய்யும்ணே? பாரம் ஏத்திப் பாப்போம்," என்றேன்.

வீட்டில் முதலில் கல்லூரி வரை படித்தவள் நான். பாரம் ஏற்றினால் உரசும் இடம் தெரிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, பின்சீட்டில் பூண்டு மூட்டைகளை ஏற்றி வளைவுகளில் ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தால், டயர் பட்டு ஓரிடத்தில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. அந்த விளிம்பைச் சூடுகாட்டி, டயரில் படாதபடி மேல்பக்கம் மடித்தார் மெக்கானிக் அண்ணன்.

மறுநாள் எல்லோரும் மலையிலிருந்து பழனிக்கு இறங்கினோம். ஒரு வளைவிலும் சத்தமில்லை.

"ஏம்மா, உங்க சித்தப்பாவையும் ஏத்தியிருக்கலாம் போலயே," என்றார் அப்பா.