ஸ்ட்ரெச்சரில் படுக்கும் அக்கா

“மெதுவா அண்ணே! மேல படுத்திருக்கிறது ஆளு. நெல்லு மூட்டை இல்ல.”

ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தபடி அக்கா அதட்டினார். தள்ளியவர் அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர். வார்டு உதவியாளராக அன்றுதான் சேர்ந்திருந்தார். அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். மருத்துவமனைக்குப் புதிதாக வருகிறவர்களை வேலையில் ஊன்றவைப்பது அவர் பொறுப்பு. வயது பாராமல் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

திருப்பத்தில் வேகம் குறையாவிட்டால், “ஐயோ, ஆளைக் கொல்றாங்களே!” என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். அன்று லாரிக்காரர் படுத்தார். கூரை விளக்குகள் முகத்துக்கு மேல் ஓட ஓட, பக்கக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்னண்ணே, பயமா?”

“கூரையே மேல விழற மாதிரி இருக்குக்கா.”

“மறந்துடாதீங்க. இன்னிக்குப் பாடம் அவ்வளவுதான்.”

அந்த வராந்தாவின் கடைசி அறையில் என் அம்மா இருந்தார். நான் லிஃப்ட் பழுது பார்க்கும் பொறியாளர். விடுப்பு எடுத்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அக்காவைக் கவனிப்பதே பொழுதுபோக்காக இருந்தது.

புதியவர்களுக்குத் தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் காட்டிவிட்டு, கடைசியாகப் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையைத் திறப்பார். “அழணும்னா இங்க வாங்க. உள்ள தாழ்ப்பாள் இருக்கு. தட்டிட்டு வாங்க, டாக்டருங்க யாராவது இருப்பாங்க.” சிரித்துக்கொண்டே உள்ளே பார்ப்பார்கள். பின்னர் ஒவ்வொருவராக அங்கே போனதை நான் பார்த்திருக்கிறேன். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்த்தால் எனக்கு விளங்கிவிடும். இந்த மனுஷி விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, அம்மா போய்விட்டார்.

அம்மாவின் உடலைக் கீழே கொண்டுபோக லாரிக்காரரைத்தான் அழைத்தார்கள். அக்காவும் நானும் கூடவே ஏற, அவர் ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

“என்னால ஆகாதுக்கா. காலைல எங்கிட்ட பேசுனவங்க. நான் லாரிக்கே போயிடறேன்.”

“போகப் போகப் பழகிடும் அண்ணே,” என்றார் அந்தப் பக்கம் போன நர்ஸ்.

“பழகக் கூடாது,” என்று அக்கா வெட்டினார். லாரிக்காரரிடம் குரல் தணிந்தது. “போறதுன்னா போங்கண்ணே. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஆனா அவங்க கடைசியாப் பேசுனது உங்ககிட்ட. இது அவங்க பொண்ணு. அந்தப் பேச்ச இவங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க.”

அட்டையை வாங்காமல் அக்கா லிஃப்டுக்கு வெளியே போய் நின்றார்.

லாரிக்காரர் என்னைப் பார்க்காமல் பேசினார். “ரொம்பத் தூரம் ஓட்டினது எதுவரைக்கும்னு கேட்டாங்கம்மா. நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ‘புளுகாதப்பா’ன்னு சிரிச்சாங்க. அப்புறம், எம்பொண்ணு வெறும் வயித்தோட அலையுது, வந்தா சாப்பிடச் சொல்லுன்னாங்க.”

அம்மா சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

கீழ்த்தளங்களில் யாரோ பொத்தானை விடாமல் அழுத்தினார்கள். கதவை நெடுநேரம் மறித்தால் லிஃப்ட் அலறத் தொடங்கும். அலறியது. அக்கா திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கதவின் சென்சாருக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். லாரிக்காரர் பேசி முடித்து, மூக்கை உறிஞ்சி, அட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்.

அதன் பிறகுதான் அக்கா கையை எடுத்தார்.