முதுகு பெற்ற மலை

மதுரையில் நான் தமிழாசிரியனாக இருந்த பள்ளியின் விழா மலர் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. எங்கள் ஓவிய ஆசிரியரைப் பற்றி அதில் ஒரே வரிதான் இருந்தது: 'கைநடுக்கம் கண்டமையால் கலையைத் துறந்தார்.' ஒன்பது ஆண்டுகள் அவரோடு ஓரறையில் அமர்ந்திருந்தவன் நான். அவர் துறந்தவை தூரிகையும் வரைதுணியுமே, கலை அன்று. அதைக் கண்ணால் கண்டோருள் எஞ்சியிருப்பவன் நானாகையால் இதனை எழுதி வைப்பது என் கடனாகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி அது. ஞாயிறுதோறும் அவர் மிதிவண்டியில் கீழக்குயில்குடிக்குச் செல்வார். தாமரைக் குளக்கரையில் படத்தாங்கியை நிறுத்திச் சமணர் மலையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். விடியலில் ஒரு மலை, உச்சிவெயிலில் ஒரு மலை, மழைக்கு முன் ஒரு மலை என அவர் வீட்டுச் சுவரெங்கும் அது தொங்கியது. பிறகு வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. ஒருநாள் கரும்பலகையில் அவர் இழுத்த நேர்கோடு அலையலையாய் நெளிந்தது. மாணவர்கள் அந்த நெளிவையும் பிழையின்றிப் பார்த்து வரைந்திருந்தார்கள். அந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியவர், வகுப்பைவிட்டு வெளியேறினார்.

செய்தி பள்ளிச் செயலரை எட்டியது. ஆண்டுக் கண்காட்சியில் ஆசிரியர் தம் கைப்பட ஒரு படைப்பை வைக்கவேண்டும், இயலாதாயின் பணியினின்று விலகவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். இரண்டு திங்கள் இருந்தன. தூரிகையை மணிக்கட்டோடு துணியால் கட்டியும் பார்த்தார் எங்கள் ஓவியர்; பயனில்லை. ஒரு நண்பகல் உணவின்போது தம் கையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "தமிழய்யா, கோடு போடத்தான் கை நடுங்குது. சோறு பெசையிறப்ப அது ஒரு பொருட்டாவே தெரியல பாத்தீங்களா?"

மறுவாரமே மலைக்கு அப்பாலிருந்து ஓர் உழவர் கண்மாய்க் களிமண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்டினார். உமியும் பஞ்சும் கலந்து மண்ணைப் பிசைந்து, ஓவிய வகுப்பின் சுவரோரம் கிடந்த நீண்ட மேசைமேல் ஓவியர் சமணர் மலையை எழுப்பலானார். ஒரு திங்களில் அது நிமிர்ந்து நின்றது. நான் வாயாரப் புகழ்ந்தேன். இரண்டாம் முறை மண் கொண்டுவந்த அந்த உழவரும் அதன்முன் நின்றார்.

"நம்ம மலையா? அச்சு அசலா இருக்கே! ஆமா, எங்க ஊரு எங்கிட்டு இருக்கு?"

ஓவியர் சுவர்ப்பக்கம் கைகாட்டினார். உழவர் இடுக்கில் எட்டிப்பார்த்தார். அங்கே களிமண் பலகைபோலத் தட்டையாக வழிக்கப்பட்டிருந்தது.

"அட என்னங்கய்யா, வாழக்காய வகுந்தாப்புல பாதி மலையில்ல வச்சிருக்கீக! இதுக்கு முதுகே இல்லையே. நாங்க அம்புட்டுப் பேரும் செவுத்துக்குள்ளயா குடியிருக்கோம்?"

சினம் கொள்வார் என்று அஞ்சினேன். ஓவியரோ முக்காலியில் அமர்ந்து, கண்ணில் நீர்வரச் சிரித்தார். "இருவது வருசமா அது மூஞ்சிய மட்டுமே பாத்துக்கிட்டிருந்திருக்கேன். பின்னால ஒரு தடவகூடப் போனதில்லப்பா."

"அதுக்கென்ன, வண்டி காலியாத்தான போகுது. ஏறுங்க."

கையில் ஒட்டிய மண்ணோடு ஏறினார். அதன்பின் மாலைதோறும் மலையின் மறுபுறமே அவர் இருப்பிடமாயிற்று. ஒருநாள் நானும் உடன்சென்றேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பாறையாக இரு உள்ளங்கைகளாலும் தடவிக்கொண்டே நடந்தார். கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில், நின்றிருந்த மலை முழுவதையும் உடைத்து மீண்டும் பிசைந்தார். முன்பக்கமாவது இருக்கட்டும் என்று மன்றாடினேன். "முதுகு தெரிஞ்சப்புறம் மொகமும் தப்பாத் தெரியுதுங்க" என்றார்.

கண்காட்சியன்று மேசை மண்டபத்தின் நடுவே இருந்தது. செயலர் முன்புறம் நின்று முகம் மாறாமல் நோக்கினார். அப்போது அந்த உழவர் தம் ஊராரோடு வந்தார். வந்தவர்கள் நேரே மறுபக்கம் சென்றார்கள். சென்றவுடன் பூசல் மூண்டது.

"மாப்ள, ஒன் கெணறு அங்கிட்டு இல்லடா, இந்தப் பள்ளத்துக்கு இங்கிட்டு!"

"அண்ணே, என் கெணறு எனக்குத் தெரியாதா? நீங்க தண்ணி எறச்சு ஒரு நாளாவது பாத்திருக்கீகளா?"

"எறச்சாத் தண்ணி வரணுமேடா!"

மண்டபம் சிரித்தது. ஓசை கேட்டுச் செயலரும் சுற்றி வந்தார். தம் மாடியிலிருந்து அம்மலையை நாள்தோறும் கண்டவர் அவர். "இந்தப் பக்கம் இப்படியா இருக்கும்?" என்று உழவரைக் கேட்டார். உழவர் விருந்தாளிக்கு வீட்டைக் காட்டுபவர்போல் ஒவ்வோர் இடுக்காகக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த செயலர், ஓவியரின் நடுங்கும் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "அடுத்து வைகைய எப்பச் செய்யப்போறீங்க?"

வைகையைச் செய்தார். பள்ளி நாடகத்துக்குக் காகிதக்கூழால் முகமூடிகள் செய்தார். மரத்தில் யானைகள் செதுக்கினார். ஓய்வுபெறும் நாள்வரை அவ்வகுப்பு அவருடையதாகவே இருந்தது. தூரிகைக்காக அவர் ஏங்கி நான் கண்டதில்லை.

முதுமையில் எழுதுகிறேன், காலமும் முறையும் பிறழ்ந்திருக்கலாம். அறிந்தோர் தயங்காது திருத்துக. சிறப்பாக, மலைக்கு அப்பால் வாழும் அன்பர்கள் எழுதினால் மகிழ்வேன். அந்தக் கிணறு பள்ளத்துக்கு எந்தப் பக்கம் என்பதை நான் இன்றுவரை அறியேன்.